கொடியில் காய்ந்த பிள்ளைத்துணி

அன்று தோணியில் நான், என் மனைவி, மிட்வைப் மிஸி, மிஸியின் குடை. குடையையும் சேர்த்து எழுதுகிறேன். காற்றுக்கு அது விரிந்து தோணியைக் கவிழ்த்துவிடும் என்று அக்கரை சேரும்வரை பயந்துகொண்டிருந்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வாவியில் ஆள் ஏற்றுவது தொழில், கவலைப்படுவது பழக்கம். வேளாண்மைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சில அக்கரையான படுவான்கரை வயல் வட்டைகளில் குடிசைபோல வாடி போட்டு, அறுவடை வெட்டு முடியும்வரை பிள்ளைகளோடு தங்கும். தண்ணீரோர வாடியில் பிள்ளைத்துணி காய்ந்தால் எனக்குக் கவலை தொடங்கிவிடும். தவழ்ந்து வந்து வாவிக்குள் விழுந்துவிட்டால்? அதனால் போக வர, பிள்ளைத்துணி காயும் கொடிகளை எண்ணுவேன். நாலு.

மிஸி ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். இக்கரைப் பட்டியலில் அந்தக் குடும்பங்களுக்கு 'அக்கரையில் போட்டது' என்றிருந்தது. அக்கரை மிஸியைக் கேட்டால், இக்கரையில் போட்டதாம். யார் எந்த வாடியில் என்று இருவருக்கும் தெரியாது. என் மனைவி போய் மிஸியிடம் என் கொடிக் கணக்கைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன், நாலு எண்டது நிச்சயமா?"

"மூணாவும் இருக்கலாம் மிஸி. அஞ்சாவும்..."

"இவர் கனவிலயும் எண்ணுறவர். நாலுதான்," என்றாள் மனைவி.

அக்கரையில் மூன்று தாய்மார் கிளினிக்குக்கு வர உடனே ஒத்துக்கொண்டார்கள். நாலாவது வாடியில் கொடி நிறையத் துணி, பிள்ளையைக் காணோம்.

"அது தங்கச்சி வீட்டுத் துணி," என்றாள் தாய். உள்ளே வீரிட்டு அழுகை.

"தங்கச்சியா அழுறா?" என்றாள் என் மனைவி.

தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதப் பிள்ளை. சின்னமுத்து ஊசி, அதுதான் தட்டம்மை ஊசி, போடவில்லை. "காய்ச்சல் வந்தா வெட்டு நேரம் ஆர் பாக்கிற, மிஸி? அதுதான் ரெண்டு கரைக்கும் பொய் சொன்னன்."

மிஸி வாய் திறக்குமுன் நான் பதறிவிட்டேன். "ஊசிக் காய்ச்சலுக்கு ஒரு ராத்திரி முழிக்கலாம் தங்கச்சி. சின்னமுத்து வந்தா எத்தின ராத்திரி? என்ட மகனுக்கு ஊசி போட்டண்டு நான் விடியுமட்டும் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தன்."

"ஓம், அவன் அழுதது ஊசிக்கில்ல, இவருக்கு!" என்றாள் மனைவி.

"அப்ப வாறன்," என்றாள் தாய். "தோணிக்காசு தருவன். சும்மா ஏறமாட்டன்."

கிளினிக் நாளில் நாலு பிள்ளைகளும் வந்தன. பிறகு இரண்டு கிழமை, அந்த வாடியைக் கடக்கும்போதெல்லாம் "காய்ச்சலா?" என்று கத்துவேன். "இல்ல அண்ணன், போங்க!" என்று அவளும் கத்துவாள்.

வெட்டு முடிந்து பாதிக் காசு தந்தாள். மீதியை மூன்று வயது ஊசிக்கு வரும்போது தருவாளாம். "அப்பதான் நீங்க மறக்காம வந்து ஏத்துவீங்க."

நானா மறப்பேன்? மீதி இருநூறு ரூபா.