அப்பாவுக்குப் போர்த்திய பொன்னாடை

யூனியன்வில்லில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்துச் சீன மருந்துக்கடையின் கதவு திறந்தது. சாராயத்தில் மாதக்கணக்காய் ஊறிய வேரும் கற்பூரமும் பழைய மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை வெளியே வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அடிபட்ட இடத்தில் பூசும் கறுப்புத் தைலம் அது. எங்கள் வீட்டில் அதற்கு "அடிமருந்து" என்று பெயர். முதன்முதல் அதைக் கையெல்லாம் பூசிக்கொண்டு வீடு திரும்பிய நாளில், அம்மா என்னைக் கதவிலேயே மறித்து, வாயைத் திறக்கச் சொல்லி மணந்து பார்த்தார். "பொம்பிளைப்பிள்ளை குடிச்சுப்போட்டு வாறியோ?" என்று கேட்டார்.

நாங்கள் அப்போது ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருந்தோம். பக்கத்துக் கடைத்தொகுதியில் கீழே தமிழ்ப் புடைவைக்கடை, மேலே குங்ஃபூப் பள்ளி. அம்மா சட்டைத்துணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே பலகைத்தளம் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வயதில் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கப் படியேறினவள், பிறகு இறங்கவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும். அங்கே கற்றுக்கொடுத்தது கும்பிடுபூச்சியின் கலை. கையிரண்டையும் மடித்து, கும்பிடுவதுபோல் நின்று, அடுத்த நொடியில் எதிராளியின் மணிக்கட்டைக் கொளுவி இழுக்கும் வித்தை. லிஃப்டில் என்னைக் கண்டால் எதிர்வீட்டு அங்கிள், "என்ன பிள்ளை, இண்டைக்கு ஆரைக் கும்பிட்டனி, ஆரை விழுத்தினனி?" என்பார்.

நாங்கள் சிஃபு என்று அழைத்த ஆசிரியர் மெலிந்த மனிதர், கையைவிடப் பெரிய மணிக்கூடு கட்டியிருப்பார், எந்நேரமும் வத்தகப்பழ விதை உடைத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் சுவரில் படங்கள் தொங்கின. கீழே அவருடைய ஆசிரியர், அதற்கு மேலே அந்த ஆசிரியரின் ஆசிரியர், இப்படியே மேலே போகப்போக முகங்கள் மங்கி, புகைப்படம் ஓவியமாகி, உச்சியில் மனித முகமே இல்லாமல் ஒரு பச்சைப் பூச்சி மட்டும் இருந்தது. எங்கோ ஒரு மரத்தடியில் அந்தப் பூச்சி இரை பிடித்ததை எவனோ ஒருவன் உட்கார்ந்து பார்த்தானாம். அவன் பார்த்தது கைமாறிக் கைமாறி ஸ்காபரோவில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடிவரை வந்திருந்தது. எனக்கு அந்த வரிசையில் நிற்க ஆசை. பசிபோல ஆசை.

வகுப்புக்கு வருகிற எல்லாரும் அந்த வரிசையில் சேர்த்தி இல்லை. சிஃபு தேர்ந்தெடுத்தவர் முழந்தாளிட்டு அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் கொடுக்கவேண்டும். அவர் வாங்கிக் குடித்துவிட்டால் அன்றுமுதல் அவர் வீட்டுப் பிள்ளை. பதினைந்து வயதில் எனக்கு அந்த அழைப்பு வந்தது. ஆனால் சிறுபிள்ளை என்றால் தகப்பன் நேரில் வந்து, சபையில் எழுந்து, வாய் திறந்து சம்மதம் சொல்லவேண்டும். இல்லையென்றால் தேநீர் இல்லை. இதையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கியவர் வின்சென்ட், சிஃபுவின் மூத்த மாணவர், பகலில் தபால் கொண்டுபோகிறவர். நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாதவர். சிஃபு இறந்தால் நான் மகள்போலத் துக்கம் காக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு முகம் கறுத்துப் போனது. வின்சென்ட் போனதும் தொடங்கினார். "பிள்ளைக்குத் தகப்பன் நான் உயிரோட இருக்கிறன். எனக்குச் செய்யவேண்டியதை ஆரோ ஒரு சீனனுக்குச் செய்யப்போறாளோ?" அம்மா கறிக்குத் தாளித்தபடியே சொன்னார், "உங்களைக் கேட்டுத்தானே செய்யினம். கேளாமல் செய்திருந்தால் என்ன செய்திருப்பியள்?" இரண்டு கிழமை வீட்டில் கோப்பைகள் மட்டும் கதைத்தன. கடைசியில் அப்பா, "வாறன். வந்து இருப்பன். ஆனா வாய் திறக்கமாட்டன்" என்றார். வாய் திறக்காவிட்டால் அவர் வந்தென்ன, வராமல் விட்டென்ன. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஊர்ச்சங்கக் கூட்டம் எதுவென்றாலும் கதிரை அடுக்குவது, மைக் பூட்டுவது, முடிந்தபின் குப்பை கூட்டுவது அவர்தான். மேடையில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்துவார்கள். அப்பா மண்டபத்தின் பின்சுவரோடு நின்று கைதட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர், நல்ல காரியங்களுக்கென்று வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, நெற்றி நிறைய திருநீறு பூசி, வெள்ளை வெளேரென்று படியேறினார். கதைத்துக்கொண்டிருந்த சபை அப்படியே ஓய்ந்தது. சிஃபுவின் மனைவி வாயில் கை வைத்தார். அப்பா யாரையும் பாராமல் முன்வரிசையில் போய் இருந்து, கையைக் கட்டிக்கொண்டார். வின்சென்ட் சிஃபுவிடம் குனிந்து ஏதோ கேட்டார், மூலைக்குப் போனார், பெரிய முரசை மூடியிருந்த சிவப்புப் பட்டுத்துணியை உருவி உதறிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அப்பாவின் தோளில் போர்த்திவிட்டார்.

அப்பா எழுந்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்து கூப்பியது. பொன்னாடை போர்த்தினால் நாலு வார்த்தை பேசாமல் இருக்கிற தமிழன் உண்டா? "சபையோருக்கு வணக்கம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தகுதி பாராமல் தன்னைக் கௌரவித்ததற்கு நன்றி சொன்னார். கடல் தாண்டி வந்த இரண்டு சனமும் படுகிற பாட்டைச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். பிறகு அவர் சிஃபுவை நேரே பார்த்தார், குரல் இறங்கியது. "இவள் என்ர ஒரே பிள்ளை. கோவக்காரி. காலமை எழும்பமாட்டாள். நீங்களும் மகளெண்டு நினைச்சால் நல்லா ஏசுங்கோ, ஏசினாத்தான் கேப்பாள். எனக்குச் சம்மதம்."

காலையில் எழும்பாத விஷயத்தை நான் விட்டுவிட்டேன். பின்வரிசையில் இருந்த அம்மா, "அதையும் சொல்லடி!" என்றார். சொன்னேன். சிஃபு சிரித்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தார், அவர்கள் வீட்டிலும் காலையில் எழும்பாத பிள்ளை இருந்ததுபோலும். நான் முழந்தாளிட்டேன், கிண்ணத்தை நீட்டினேன், அவர் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு கிண்ணத்தில் தானே ஊற்றி, எழுந்துபோய், அப்பாவுக்கு இரண்டு கையாலும் கொடுத்தார்.

காரில் அப்பாவுக்கு வாய் மூடவில்லை. "மரியாதை தெரிஞ்ச சனமப்பா! இத்தனை வருசம் கதிரை தூக்கினன், எங்கட ஆக்கள் ஒரு துவாய் போர்த்தினவங்களோ?" அடுத்த வகுப்பில்தான் வின்சென்ட் எனக்கு மெல்லச் சொன்னார்: வெள்ளை அவர்களுக்குச் செத்தவீட்டு நிறம், நல்ல நாளில் அதை மூடவேண்டியிருந்தது. துணி எப்போது திரும்பி வரும் என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அது அப்போது எங்கள் வரவேற்பறையில், கண்ணாடி அலுமாரிக்குள், மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அந்த மனுசனுக்கு மூச்சும் விட்டிடாதை" என்றார். சிஃபு முரசுக்கு வேறு துணி வாங்கிப் போட்டார்.

அந்தக் கடைத்தொகுதி இன்று இல்லை; அந்த இடத்தில் நிற்கிற கண்ணாடிக் கட்டடத்தில் எது எங்கள் மேல்மாடி இருந்த உயரம் என்று அண்ணாந்து பார்த்தால் யாரோ ஒருவரின் பல்கனியில் சைக்கிள் தொங்குகிறது. அஜக்ஸ் நகரில் சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். சில பிள்ளைகளுக்கு நான் சிஃபு, சிலதுகளுக்கு இன்னும் அன்ரி. சுவரில் படங்களின் வரிசை ஒரு படம் நீண்டிருக்கிறது. சிஃபுவும் இல்லை, அப்பாவும் இல்லை. இருவருக்கும் மகள் செய்யவேண்டியதைச் செய்தேன். அப்பா பயந்ததுபோல் ஒருவருக்குக் குறைத்து ஒருவருக்குக் கொடுக்க நேரவில்லை.

ஆனால் நினைவு சாவில் போய் நிற்பதில்லை, விமான நிலையத்தில்தான் நிற்கிறது. சிஃபு பள்ளியை வின்சென்டிடம் ஒப்படைத்துவிட்டு, வன்கூவரில் மகன் வீட்டோடு இருக்கப் புறப்பட்ட காலை அது. தான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அப்பா பிடிவாதமாய் நின்று, அவருடைய சூட்கேசைக் கயிறு போட்டுக் கட்டி, காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற வாசலில் நான் சிஃபுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது பெரிதாகச் சொல்வாரென்று. அவர் என்னைத் தாண்டி அப்பாவிடம் போனார். தன் இடது கையை மடித்துக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில், "இவளுக்கு இந்த முழங்கை மேலே போகிறது. நான் அங்கேயிருந்து பார்க்க முடியாது. நீங்கள் பாருங்கள்" என்றார்.

அப்பா தன் முழங்கையையும் அதேபோல் மடித்து, ஒருமுறை இறக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அதை நான் பாக்கிறன் மாஸ்டர். நீங்கள் யோசியாமல் போயிட்டு வாங்கோ."