வால்வைத் திறந்த கை

பதினெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பழைய சாயப்பட்டறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம சுப்பையன் மாஸ்டர் தவறிட்டாருங்க" என்று செய்தி வந்தது. கைகூப்பிய படங்கள் வரிசை கட்டின. முதலாளியும் எழுதியிருந்தார்: என் பட்டறையில் கறைபடாத கை அது ஒன்றுதான். அதைப் படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பட்டறையின் ஆய்வகத்தில் நான் கெமிஸ்ட். எம்.எஸ்சி. படித்தவன். சாயம் ஏற்றும் பொறுப்பு முழுவதும் மாஸ்டருடையது. அவர் பத்தாவதைத் தாண்டாதவர். சுத்திகரித்த தண்ணீர் விழும் இடத்தில் தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பனியன் துணித் துண்டை நனைப்பார். காய்ந்ததும் ஓரத்தில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டில் ஒட்டுவார். அப்படிச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. ஒருநாள் என் மீட்டர் தண்ணீர் சுத்தம் என்றது. அவர் துண்டில் லேசாக நீலம்.

"உங்க மிசினு காலேஜ் போனதுங்க கெமிஸ்ட் சார், எதையும் நாசூக்காத்தான் சொல்லும். துணிக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்லீங்க" என்றார். லேபே சிரித்தது. பார்த்தால் மீட்டர்தான் பழுது. எனக்கு அவர்மேல் கோபம் வந்ததே தவிர நன்றி வரவில்லை.

பிறகு அந்த ஐப்பசி மதியம். சுத்திகரிப்பு இயந்திரம் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கழிவுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. சாய இயந்திரத்தில் சிவப்புத் துணி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் ஆர்டர் போய்விடும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் ஓடை பெருகும்போது சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நிறம் தெரியாது. அந்தக் கணக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் தூறல் விழுந்ததும் முதலாளி வந்தார்.

"மழை புடிச்சிருச்சு மாஸ்டர். தொறந்து உடுங்க."

"பேஞ்சு நிலைக்குமான்னு தெரியலீங்க" என்று மாஸ்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வால்வைத் திருகினார். தொட்டி நிரம்பித் தானாக வழிந்தது என்று பதிவேட்டில் எழுதும்படி முதலாளி என்னிடம் சொன்னார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கால் மணி நேரத்தில் மழை நின்றுவிட்டது. ஓடையில் சிவப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கீழ்த்தோட்டத்து ராசப்பன், ஓடையை ஒட்டிய தன் கிணற்றில் மொண்ட தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அதிகாரிகளோடு வந்தார். முதலாளி பதிவேட்டை விரித்துக் காட்டினார். வெறுமனே வழிந்திருந்தால் இவ்வளவு சிவக்காது என்றார்கள் அதிகாரிகள். உடனே, கெமிஸ்ட் தானே வால்வைத் திறந்துவிட்டு, வழிந்தது என்று பொய் எழுதி வைத்திருக்கிறான் என்றார். ராசப்பன் அவரை விட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"எம் மாடு குடிக்கிற தண்ணிங்க இது. நீங்க பொய் பேச மாட்டீங்க. யாருங்க தொறந்தது?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "நான் பாக்கலீங்க."

அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அதுவரை நானும் வாய் திறக்கவில்லை. அன்றே வேலை போனது. 'வால்வு கெமிஸ்ட்' என்ற பெயர் எனக்கு முன்னால் எல்லா லேபுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பின் டியூஷன் எடுத்துத்தான் பிழைத்தேன்.

நாலாம் நாள் மாஸ்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. ஒரு கவரை நீட்டினார். அதில் சிவப்பேறிய பனியன் துண்டு. ஓரத்தில் அதே பென்சில் எழுத்து: தேதி, ஓடை வாய், 'நான் திறந்தது', கீழே கையெழுத்து.

"இதைக் கொண்டுபோயிக் குடுத்துருங்க கண்ணு. எனக்கு நாக்கு எழல. புள்ள கலியாணம் தையில வெச்சிருக்குது."

"உங்க நாக்கு எழலீன்னா எம் பொழப்புப் போகோணுமாங்க?"

படியிறங்கிப் போனார்.

அந்தக் கவரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்தால், தெரிந்தே பொய் எழுதியவன் நான் என்பதும் வெளியே வரும். அதைவிட அவரை வெறுத்துக்கொண்டிருப்பது சுலபமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நான் துக்கத்துக்குப் போனபோது, திருமுருகன்பூண்டியில் அவர் வீட்டுக்கு அடுத்திருந்த சிற்பக்கூடத்தில் உளியை நிறுத்தியிருந்தார்கள். ராசப்பன் மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"வால்வு கெமிஸ்டுங்களா? இப்பேர்ப்பட்ட மனுசங்கூட வேலை செஞ்சும் உங்களுக்கு அந்தப் புத்தி போச்சுதே."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கவர் என் சட்டைப் பையில் இருந்தது. கை அதுவரை போனது. எதிரே மாஸ்டரின் மகள் அழுதுகொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

மாஸ்டரை அறிந்தவர்களே, முதலாளி எழுதியது பொய். அந்தக் கையில் கறை இருந்தது. அதைத் துணியில் எடுத்து, பெயர் எழுதி, கொண்டுவந்து கொடுத்ததும் அதே கைதான். எங்கள் மூவரில் வேறு யாரும் அவ்வளவுகூடச் செய்யவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் துண்டு ஒன்றுதான். பதினெட்டு வருடத்தில் துளி நிறம் மங்கவில்லை.

அதைப் படம் எடுத்து, இதனுடன் சேர்த்து, நம் ஊர்த் தொழில்காரர்கள் படிக்கும் முகநூல் பக்கத்தில் இன்று போடுகிறேன். வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் அந்த முதலாளிக்கு வேண்டியவர்கள். எழுதியது யார் என்று பத்துப் பேருக்காவது தெரிந்துவிடும். கேட்டால், நானில்லை என்பேன்.

துண்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. இதன் கீழே என்னுடையது இருக்காது.