கிண்டி வரை ஒரு தூக்கம்

அந்த மேடத்தின் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் கிடக்கும். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, அதேதான், மூலை உடைந்தது. என் வேலையைக் காப்பாற்றியது அது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். ஒருநாள் பெருங்களத்தூர் தாண்டியதும் நெஞ்சு அடைத்து, உடம்பெல்லாம் வியர்த்து, செத்தேன் என்றே நினைத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது, பயம்தான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதன்பிறகு ரயிலில் கால் வைக்க முடியவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் பஸ்ஸில் ஊர்ந்து போய்த் தினமும் லேட். இப்படியே போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். "தாம்பரத்துல ஒரு கவுன்சிலர் இருக்காங்களாம், போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குழாய்ல தண்ணி வரலன்னா கவுன்சிலரைப் பாக்கலாம். நான் ட்ரெயின் ஏறாததுக்கு அவங்க என்னடி பண்ணுவாங்க?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வார்டு கவுன்சிலர் இல்லையாம், மனநல ஆலோசகராம்.

சின்ன வயசுக் கதையெல்லாம் கிளறுவார் என்று தயாராகப் போனேன். மேடம் கேட்டதோ, "உங்களுக்கு என்ன ஆகணும்?"

"பயம் போகணும் மேடம்."

"போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க. அப்ப ட்ரெயின்ல என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

அதை நான் யோசித்ததே இல்லை. "மத்தவங்க மாதிரி கிண்டி வரைக்கும் தூங்கிட்டே போவேன்" என்றேன். ஸ்கேலை என் பக்கம் தள்ளினார். அந்தத் தூக்கம் பத்து என்றால் இப்போது நான் எங்கே? வெட்கத்தோடு இரண்டில் விரல் வைத்தேன். ஏன் இவ்வளவு கீழே என்று கேட்பார் என்று பார்த்தால், "ஏன் சைபர்ல இல்ல?" என்றார்.

"தினமும் பிளாட்பாரம் வரைக்கும் போயிடறேன் மேடம். ட்ரெயின் போனப்புறம்தான் பஸ்ஸுக்கு வர்றேன்." சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. தினமும் தோற்றுத் திரும்புவதாக அல்லவா நினைத்திருந்தேன்!

"மூணுக்கு வர என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த ஸ்டேஷன் வண்டலூர். அதுவரைக்கும் ஏறிப் பாக்கறேன்." சொன்னது நான்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டலூர், பிறகு தாம்பரம், பல்லாவரம், ஒருவழியாகக் கிண்டி. சில வாரங்களில் விரல் எட்டுக்கு வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. "எட்டு போதுமே, மிச்சத்தை நீங்களே பாத்துப்பீங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

இன்று காலை ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண் விழித்தால் சைதாப்பேட்டை. அலறியடித்து இறங்கி, எதிர் ரயில் பிடித்து ஆபீஸ் சேர்ந்தபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேஜையிலும் ஒரு ஸ்கேல் கிடந்தது.

"என்ன, மறுபடியும் பஸ்ஸா?"

"இல்ல சார், ட்ரெயின்லதான்" என்றேன், ஸ்கேலில் பத்தைப் பார்த்துக்கொண்டே. "தூங்கிட்டேன்."