மாமா பெயர் வெட்டிய தூக்குவாளி

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயர் பாடப்புத்தகத்தில் இருந்ததல்ல. எங்கள் வீட்டுத் தூக்குவாளியின் வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த என் தாய்மாமன் பெயர். அம்மாவின் கல்யாணத்துக்கு அவர் சீராக வைத்த பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. பெயருக்குப் பின்னால் ‘டெய்லர், திண்டிவனம்’ என்றும் இருந்தது. வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தப் பெருமையில் ஒருநாள் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா தூக்கை வாங்கி, பெயர் சுவர்ப்பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டாள்.

மாமாவைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. காரணம் என் காதுகள்தான். காது குத்திய அன்று என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாமா வரத் தாமதமாகிவிட்டதாம். நல்ல நேரம் போகிறதென்று சித்தப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு வந்தவர் பார்த்தார், தட்டைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, திண்டிவனத்துக்குக் கட்டட வேலைக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். மதியச் சோறு கொண்டுபோன தூக்கை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டாளாம். “போனா போவுது” என்றாள். ஆனால் வெகுநேரம் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அப்பா சைக்கிளை எடுத்தார். பெயரைப் படித்து அடையாளம் காட்ட நான் கேரியரில் ஏறிக்கொண்டேன். பேருந்து நிலையம், மேம்பாலத்துக்குக் கீழே, மரக்காணம் ரோடு என்று ஆட்டோ நிற்கிற இடமெல்லாம் சுற்றினோம். அப்பா “ஒரு தூக்குங்க, பேர் வெட்டினது” என்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு பெயரை ஒப்பிப்பேன். கடைசியில் செஞ்சி ரோட்டில் ஒரு டிரைவர் சிரித்தார்.

“அட, அதுவா? இதோ இந்தக் காக்கிச் சட்டை தைச்ச டெய்லரு பேரு ஆச்சே! நேத்தே அவரு கடையில குடுத்துட்டனே. ஏன், உங்குளுதா?”

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

“ஏறிப் போலாம்பா” என்றேன்.

“இருடா, செயின் லூசா கீது.”

செயின் நன்றாகத்தான் இருந்தது.

தையல்கடையில் மெஷின் பக்கத்திலேயே தூக்கு இருந்தது. கழுத்தில் டேப்போடு நின்றவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபேனைப் பார்த்தார். யாரும் பேசுகிற மாதிரி தெரியாததால் வந்த காரியத்தை நானே சொன்னேன். “உங்க பேருதான் போட்டிருக்கு. ஆனா தூக்கு எங்களுது.”

மாமா என்னைக் கிட்டே இழுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காதுகளைத்தான் பார்த்தார். இரண்டிலும் டேப்பை வைத்து அளந்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“இன்னா மாப்ள இது, ஒண்ணு ஏறிக்கினு ஒண்ணு எறங்கிக்கினு? உன் தம்பி மடி ஆடிக்கினே இருந்துச்சா?”

“நீங்க ஜல்தியா வந்திருந்தா ஆடியிருக்காது மச்சான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். காது என்னுடையது, இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குக் கோபமாக வந்தது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. “வெறும் தூக்காவா குடுத்தனுப்புறது?” என்று அத்தை அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வழிய வழிய நிரப்பிக் கொடுத்தாள். நாங்கள் வீடு திரும்பியதும் அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டாள். “எங்க அண்ணிக்கு இன்னும் உப்பு போடத் தெரியல” என்றாள். பிறகு ஒருத்தியாகவே பாதித் தூக்கைக் காலி செய்தாள்.

அடுத்த மாதம் அம்மா சொம்பைத் தொலைத்தாள். அதற்கடுத்து அன்னக்கூடை. கட்டட வேலைக்கு அன்னக்கூடை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் அலுத்துக்கொள்ளாமல் சைக்கிளை எடுப்பார்; ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கமே திரும்பாமல் நேராகத் தையல்கடைக்கு மிதிப்பார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதென்று நான் நிஜமாகவே பயந்து, அறிவியல் சாரிடம் மருந்து கேட்டேன். வல்லாரைக்கீரை என்றார். வயல்வரப்பெல்லாம் தேடிப் பறித்து வந்தேன். அம்மா சிரித்துக்கொண்டே கடைந்து போட்டாள். அடுத்த வாரமே வடிதட்டைத் தொலைத்தாள்.

மாமா பெயர் இல்லாத பாத்திரம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் தொலைந்ததில்லை. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தச் சங்கதி தெரியாமல் இருந்தவனும் நான் ஒருவன்தான்.