தம்பி தின்ற காட்டுக் காளான்

காலை ஷிப்ட். ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான், போலந்தில் படிக்கும் தம்பி இரவு அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன்.

"அக்கா, காட்டுக்குப் போய் நாங்களே காளான் பறிச்சோம். வெண்ணெய்ல வதக்கிச் சாப்ட்டாச்சு. செம டேஸ்ட்!"

"டேய், நல்லா இருக்கியா?" என்று அனுப்பினேன். ஒற்றை டிக்.

அதற்குள் கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டிவிட்டார். லைனுக்குள் போன் கூடாது. கொடுத்துவிட்டுப் போனேன்.

பக்கத்தில் ஸ்க்ரூ போடும் தென்காசி செல்வியிடம் சொன்னது என் தப்பு.

"எங்க ஊர்ல காளான் தின்னு ஒரு குடும்பமே ஆஸ்பத்திரில கெடந்துச்சுக்கா. ராத்திரி நல்லாத்தான் இருந்தாவ. விடியக்காலந்தான் வாந்தி."

போலந்தில் அப்போது விடியக்காலம்.

வேலையை விட்டுவிட்டு நான் கடிகாரத்தையே பார்த்து நிற்பதைக் கண்டு சூப்பர்வைசரே வந்துவிட்டார். "இன்னாமா, ஒடம்பு சரியில்லயா?"

ஷிப்ட் முடிந்து போனை வாங்கினால் பதில் வந்திருக்கிறது.

"இப்பதான்கா எழுந்தேன். காளான் தெரிஞ்சவர்கிட்ட காட்டிட்டுத்தான் சமைச்சோம். நாளைக்கு மலையேறப் போறோம், சிக்னல் இருக்காது. பயப்படாத."

நாளைக்கும் எனக்குக் காலை ஷிப்ட்தான், பக்கத்தில் செல்விதான். தென்காசிக்காரி, மலையைப் பற்றியும் அவளிடம் ஒரு கதை இருக்கும். யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.