றாஹிலா இருந்த முதல் இத்தா

கல்முனைக் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் உடைத்து விற்றவள் றாஹிலா. வாய் கொஞ்சம் நீளம். தராசில் கள்ளம் செய்த முதலாளிமாரைச் சந்தியில் நிறுத்தி நாறடித்திருக்கிறாள். அவளுடைய புருசன் அர்ஷாத் அதற்கு நேர்மாறு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதன். அவளுடைய வாய்க்கு அவனுடைய காதுதான் சரி என்று ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அவ்வளவு ஒட்டாக இருந்தார்கள் இருவரும்.

அந்தக் கிழமை கரையோரமெல்லாம் நீர்மூழ்கிக் கப்பல் கதைதான். நாட்டின் முதல் நீர்மூழ்கியைப் பக்கத்துத் துறைமுகத்தில் வைத்துச் சேவையில் சேர்க்கப் போகிறார்கள் என்று தெருவுக்குத் தெரு கொடி கட்டினார்கள். வருசக்கணக்காகப் பாசி பிடித்துக் கிடந்த மதில்களுக்கு வெள்ளையடித்தார்கள். விழா முடியும்வரை வள்ளங்கள் கடலில் இறங்கக்கூடாது என்று அறிவித்தார்கள். தடை தொடங்குவதற்கு முதல்நாள் வலை இழுக்கப் போன அர்ஷாத் திரும்பி வரவில்லை. கூடப் போகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தனியாகப் போயிருந்தான்.

றாஹிலா மீனவர் சங்கத் தலைவர் ஸப்ரியிடம் ஓடினாள்.

"ஸப்ரி காக்கா, ரெண்டு வள்ளத்த விட்டுத் தேடச் சொல்லுங்க. எஞ்சின் பழுதாகி எங்கயாவது மிதந்திட்டு இரிப்பாரு."

"கேட்டுப் பாத்துட்டன் தங்கச்சி. ஏலாதெண்டுட்டாங்க. விழா முடியட்டும்."

"அப்ப நான் விழாவுக்குப் போறன். பெரியாக்கள் வருவாங்கதானே. கடலுக்குள்ள ஒளிச்சிரிக்கிற கப்பலப் பாக்க வாறவங்க, கடலுக்கு மேல கிடக்கிற மனிசனையும் கொஞ்சம் தேடட்டும்."

விழாவில் ஸப்ரிக்கு முன்வரிசைக் கதிரை. மந்திரியின் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம் என்று புதுச் சட்டையும் தைத்து வைத்திருந்தார். அந்த இடத்தில் இவள் வந்து வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மகள், கடலுக்குப் போன ஆள் இவ்வளவு நேரமா வரல்லெண்டா மௌத்துத்தான்," என்றார் லெப்பை. "நீங்க இத்தா இரிக்கணும்."

புருசன் இறந்தவள் இத்தா இருந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. விழாவுக்குப் போவதென்ன, வாசலுக்கே வரக்கூடாது.

"மய்யித்தக் காணாம என்ன இத்தா? காதியார் சொன்னாரா?" என்று கேட்டாள் றாஹிலா. உடல் கிடைக்காதபோது அப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மார்க்க நீதவானான காதியார்.

லெப்பை ஸப்ரியின் முகத்தைப் பார்த்தார். ஸப்ரி நிலத்தைப் பார்த்தார். பதில் சொன்னது றாஹிலாவின் சொந்த அக்கா ஹுஸ்னியா.

"புள்ள, மௌத்தான பிறகு நீ வெளியில சுத்தினா கபுறுக்குழியில அவருக்குத்தான் வேதனை. பிடிவாதம் பிடிக்காத."

தன்னைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும் றாஹிலா திருப்பிக் கொடுத்திருப்பாள். தன்னால் அர்ஷாத்துக்கு ஒரு வேதனை என்றதும் அந்த வாய் அடங்கிவிட்டது. வெள்ளை உடுத்திக்கொண்டு அறைக்குள் போனாள், வாசலுக்குத் திரை போட்டார்கள். அவளை எங்கே அடித்தால் வலிக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, அந்த இடம் பார்த்து அடித்தார்கள்.

விழாவன்று ஊரே மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போனது. ஹுஸ்னியாவும் பிள்ளைகளோடு போனாள். திரும்பி வந்தவள், கறுப்பாகப் பெரிய சூரை மீன்போல ஒன்று கிடந்தது என்றும், எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்தார்கள் என்றும் சொன்னாள்.

"இனிக் கடல் திறந்துதானே ராத்தா? வள்ளம் போயிட்டா?" என்று கேட்டாள் றாஹிலா.

ஹுஸ்னியா சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மதியம் அர்ஷாத்தின் வள்ளம் வந்தது. கட்டியிழுத்து வந்தவன் விநாயகபுரத்துக் கதிர்காமன், றாஹிலாவிடம் ஐஸ் வாங்குகிறவன். உள்ளே அர்ஷாத் கிடந்தான். தண்ணீர்ப் போத்தல் காய்ந்து கிடந்தது. உடலைப் பார்த்த டொக்டர், உயிர் போய் ஒரு நாள்தான் ஆகிறது, தாகத்தில் போயிருக்கிறது என்றார். அவளுக்கு வெள்ளை உடுத்திய நேரம் அந்த மனிதன் வெயிலில் கிடந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கதிர்காமன் திரைக்கு வெளியே நின்று கதைத்தான்.

"தங்கச்சி, எனக்கு நேற்று விழாவிலதான் விசயம் தெரியும். காவலுக்கு நிண்ட கடற்படைக்காரங்களிட்டப் போய்க் கேட்டன். தேடப் போற வள்ளத்துக்குத் தடை இல்லெண்டு உடனே விட்டாங்க. இதுக்கு முதல் ஒருத்தரும் வந்து கேக்கல்லயாம்."

முற்றத்தில் நின்ற ஸப்ரி தொப்பியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஆளின் முகத்தில் துப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை, சங்கத் தலைவர் அல்லவா.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கினார்கள். அடக்கிவிட்டு வந்த லெப்பை திரையருகே நின்று தொண்டையைச் செருமினார்.

"மகள், அவர் மௌத்தானது நேற்றுத்தானே. இத்தாவ நேற்றிலிருந்துதான் எண்ணணும். முதல் இருந்தது கணக்கில சேராது."

முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க றாஹிலாவின் குரல் வந்தது.

"அப்ப முதல் இருந்தது ஆருக்கு லெப்பை? கப்பலுக்கா?"