பொன்னியம்மாள் குரல் போன இடம்

தென்னேரிப் பொன்னியம்மாளுக்குச் சொத்து என்று சொல்ல இரண்டே இரண்டுதான். ஏரிக்கரையில் கீரைப் பாத்தி ஒன்று, தொண்டை ஒன்று. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கூடையோடு காஞ்சிபுரம் வந்து இறங்கி, "அரக்கீர, மொளக்கீர, சிறுகீரேய்!" என்று தெருமுனையில் அவள் ஒரு குரல் விட்டால், நாலு தெரு தள்ளித் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்கிறவன்கூட, "பொன்னி வந்துட்டா, மணி ஏழு" என்பான். கடிகாரம் மாட்டியிருந்த வீடுகளிலும் அவளைத்தான் நம்பினார்கள். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஊர்க்கோடியில் இருந்த நவாபு காலத்துக் குதிரை லாயத்துக்கு நல்ல காலம் பிறந்தது. வௌவாலை விரட்டி, இடிந்த வளைவுகளை எடுத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, அதைக் காய்கறி மார்க்கெட் ஆக்கினார்கள். இனித் தெருவில் கடை போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். உள்ளே வெயில் இல்லை, மழை இல்லை, மாடு வாய் வைக்குமே என்று கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. குலுக்கலில் பொன்னியம்மாளுக்கு வடக்கு மூலை விழுந்தது. நேர் எதிரே தெற்கு மூலையில் வாலாஜாபாத் ஆதிகேசவன், கத்தரிக்காய்க்காரர். வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷர்.

முதல் நாள் பொன்னியம்மாள் அடிவயிற்றிலிருந்து கூவினாள். ஜனம் திமுதிமுவென்று போய்த் தெற்கு மூலையில் நின்றது. அந்த வளைவுக் கூரை அவள் குரலை வாங்கி, பத்திரமாக எதிர் மூலையில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. கீரை தேடிப் போனவர்கள் அங்கே பளபளவென்று கிடந்த கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்குக் காரக்குழம்பு என்று வாங்கிக்கொண்டு நடந்தார்கள். கீரை அங்கே என்று அந்த மனுஷர் கையாவது காட்டினாரா? ம்ஹூம். இவள் இன்னும் உரக்கக் கூவினாள். அவருக்கு இன்னும் வியாபாரம் ஆனது. மத்தியானம் வதங்கிய கட்டுகளை மாட்டுக்குப் போடும்போது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. தொண்டையே காலை வாரினால் எதை வைத்துப் பிழைப்பது?

ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்யா, நான் கத்திக்கினே இருக்கிறேன், நீ வித்துக்கினே இருக்கிற. இது இன்னா நியாயம்? எடத்த மாத்திக்கலாம், எழுந்திரு."

ஆதிகேசவன் உடனே எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனார். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். தெற்கு மூலையில் ஜம்மென்று உட்கார்ந்து கூவினாள்.

ஜனம் திமுதிமுவென்று வடக்கு மூலைக்குப் போனது.

பொன்னியம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு நாள் மார்க்கெட்டில் பல்லி கத்துவதுகூடக் கேட்டது. இவள் கீரை வதங்கியது. கூவ ஆளில்லாமல் அவர் கத்தரிக்காயும் சுருங்கியது.

மூன்றாம் நாள் காலையில் ஆதிகேசவன் அவள் எதிரே வந்து நின்று, வெகுநேரம் தொண்டையைச் செருமினார்.

"என் கத்தரிக்காய நீ கூவும்மா. உன் கீரைய நான் கூவுறேன்."

"நீயா? உனுக்குக் கொரல் இருக்குதா மொதல்ல?" என்று அவள் சிரித்தே விட்டாள்.

அவர் காதெல்லாம் சிவந்துபோய்த் தன் இடத்துக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து, பொன்னியம்மாளின் தலைக்கு மேலிருந்து மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு ஒரு குரல் இறங்கியது.

"மொளக்கீரே... சிறுகீரே... தென்னேரி பொன்னியம்மா கீரேய்..."

ஏழெட்டுப் பேர் நேராக அவளிடம் வந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அவள் கீரையை இன்னொருத்தர் கூவி அவள் கேட்டதே இல்லை. அதிலும் பேர் சொல்லி. அழுதுவிடுவோமோ என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்டபடியே கத்தரிக்காயைக் கூவ வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது.

"யோவ்! அரக்கீரைய வுட்டுட்டியே!"

"அரக்கீரேய்..." என்றது கூரை, ரொம்பப் பணிவாக.